தேன் பெட்டி வாங்க அவசரப்படாதீர்கள்: சுற்றாடல் கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே 20 உலகத் தேனீ தினம். தேனீ வளர்ப்பைக் கற்பித்த அன்ரன் யான்ஷாவின் நினைவாக 2017 இல் ஐ.நா. அறிவித்த நாள். அவருடைய நாடான ஐரோப்பாவின் சுலோவேனியாவில் அது பூக்காலம். மட்டக்களப்பிலோ கச்சான் காற்று மண்ணை வறுக்கும் காலம். எங்கள் பாடசாலைக் கழகம் இதை யோசிக்கவில்லை. அதிபரை அழைத்து, படம் எடுத்து, வேலியோரம் இருபது கன்று நட்டோம். ஓகஸ்ட் விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் காய்ந்த கம்புகள்தான் நின்றன. இங்கே நடுகை என்றால் மாரி தொடங்கும் ஒக்டோபர்தான். மே மாதத்தில் ஏதாவது செய்தே ஆக வேண்டுமா? விதை சேகரியுங்கள்.

அடுத்ததைச் சொன்னால் சில ஆசிரியர்களுக்குக் கோபம் வரும். தேனீக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல் சிரமதானம்தான். தும்பை, நாயுருவி, தொட்டாச்சிணுங்கி எல்லாவற்றையும் மண்வெட்டியால் வழித்தெடுத்துவிட்டு, அதே இடத்தில் அடுக்குச் செவ்வரத்தையும் காகிதப்பூவும் வாங்கி வைக்கிறோம். அடுக்குப் பூவில் மகரந்தம் தரவேண்டிய கேசரங்கள் இதழாக மாறிவிட்டன. காகிதப்பூவின் நிறமெல்லாம் இலைதான். உள்ளே இருக்கும் பூ ஒடுங்கிய குழல், சின்னத் தேனீயின் நாக்குக்கு எளிதில் எட்டாது. பார்க்க அழகு, தேனீக்குப் பட்டினி. துளசி, முருங்கை, எள்ளு, பூக்க விட்ட கொத்தமல்லி போதும். இன்னொன்று: தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தனியாக மண்ணில் வளை தோண்டி முட்டையிடுபவை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக இருக்கும் எழுவான்கரையின் மணல் மண் அவற்றுக்கு நல்ல இடம். அதை முழுக்கச் சீமெந்தால் மூட வேண்டாம். நாங்கள் மைதான ஓரத்தில் ஒரு துண்டை விட்டுவிட்டு, "புல் வெட்டவில்லை என்று ஏசாதீர்கள், தேனீக்கு விட்டது" என்று பலகை வைத்தோம்.

சரி, தேன் பெட்டி. எல்லாக் கழகத்துக்கும் முதல் ஆசை அதுதான். இலங்கையில் சுமார் 150 தேனீ இனங்கள் உண்டு. பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் அவற்றில் ஒன்றைத்தான். பூவும் மழைக்கு ஒதுக்கும் இல்லாவிட்டால், எறும்போ மெழுகு அந்துப்பூச்சியோ வந்தால், அது முழுக் கூட்டத்தோடும் பறந்துபோய்விடும். டிசம்பர் விடுமுறையில் யார் பெட்டியைப் பார்ப்பது என்பதற்குப் பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள். பதில் இருந்தால், முதலில் பயிற்சி பெறுங்கள். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்துக்குத் தேனீ வளர்ப்புப் பிரிவே இருக்கிறது.

பெட்டித் தேனீயால் முடியாத வேலைகளும் உண்டு. கத்தரிப் பூவின் மகரந்தப்பையில் நுனியில் மட்டும்தான் துளை. உப்புப் போத்தல் மாதிரிக் குலுக்கினால்தான் கொட்டும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து அதைச் செய்கின்றன. பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. புடோலின் நூல்நூலான வெள்ளைப் பூ இரவில் விரிவது அந்துப்பூச்சிக்காக. பூசணிப் பூ விடியற்காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருங்கிவிடும். அப்படியென்றால் தோட்டத்துக்கு மருந்து அடிப்பது எப்போது? காலையில் அடித்தால் பூசணிக்கு வருபவை சாகும், அந்தியில் அடித்தால் புடோலுக்கு வருபவை. பாடசாலைத் தோட்டம் என்ன பத்து ஏக்கரா? புழுவைக் கையால் பொறுக்கலாம்.

தேனீக்குத் தண்ணீர் வைக்கிறோம் என்று சிரட்டைகளை வரிசையாக வைத்தது எங்கள் அடுத்த கெட்டித்தனம். தேனீ வந்ததோ இல்லையோ, நுளம்புக் குடம்பி வந்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்னதை இங்கே எழுத முடியாது. ஆழமில்லாத மண் தட்டில் கூழாங்கல் நிரப்பி, கல் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். தினமும் கொட்டி மாற்றுங்கள், வெள்ளிக்கிழமை கவிழ்த்துவிட்டுப் போங்கள். சீனித் தண்ணீர் வேண்டாம், எறும்புதான் வரும். கடைத் தேனும் வைக்காதீர்கள். அதன் வழியாகத் தேனீ நோய் பரவும்.

துளைகளில் தனியாக முட்டையிடும் தேனீக்காகக் குழாய்களைக் கட்டித் தொங்கவிடும் 'தேனீ விடுதி'யைப் படத்தைப் பார்த்துச் செய்வதிலும் இதே கதை. மழையில் நனைந்தால் பூஞ்சணம், இரு பக்கமும் திறந்திருந்தால் தேனீ பெரும்பாலும் தங்காது. மூங்கில் குழாய் விரல் நீளத்துக்கு மேல் இருக்கட்டும், பின்பக்கம் கணுவோடு வெட்டுங்கள், கூரைக்கு அடியில் அசையாமல் கட்டுங்கள். பழைய குழாயிலிருந்து தேனீ வெளியேறிய பிறகு புதிதை மாற்றுங்கள்.

கடைசியாக, தண்ணீர்த் தாங்கியில் பெருந்தேனீ கூடு கட்டினால் கல்லெறிவதும் பந்தம் பிடிப்பதும் ஆகவே ஆகாது. ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கு மற்றவையும் திரண்டு வரும். அவை இடம்பெயர்ந்து வாழ்பவை, பூ குறைந்ததும் தாமாகப் போய்விடும். அதுவரை அந்தப் பக்கம் கயிறு கட்டி ஆட்களைத் தள்ளி வையுங்கள். பிள்ளைகள் நடமாடும் வழியிலேயே கூடு இருந்தால், அகற்றத் தெரிந்தவரை இரவில் அழைப்பதுதான் வழி. கொட்டிவிட்டால் கொடுக்கை நகத்தால் உடனே வழித்தெடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ சுண்ணாம்பு தேடிக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.