ரீவியை எந்தச் சுவரில கொழுவுறது, எதில கொழுவக் கூடாது

கனடாவிலயோ லண்டனிலயோ இருக்கிற சொந்தக்காரர் வீடியோ கோல் எடுக்கேக்க பின்னால பெரிய ரீவி ஒண்டு தெரியும், அதுக்குக் கீழ குளிருக்கு நெருப்பு எரிக்கிற கணப்படுப்பு இருக்கும். இப்ப கிளிநொச்சி, புதுக்குடியிருப்புப் பக்கம் புது வீடு கட்டுற சிலபேர் அதைப் பாத்து ஹோல் சுவரில கீழ அலங்காரத்துக்கு ஒரு மாடம் கட்டி, ரீவியை அதே உயரத்தில மேல கொழுவினம். அங்க கனபேர் அப்பிடி வைக்கிறதுக்கு ஒரு காரணம் ஹோலில வேற வெறுஞ்சுவர் இல்லாதது, அங்கயே சூடும் உயரமும் பிழை எண்டு வேலை தெரிஞ்சவை சொல்லிக்கொண்டுதான் இருக்கினம். எங்களிட்டச் சுவர் இருக்கு, நாங்கள் ஏன் அந்தப் பிழையை விரும்பி எடுக்க வேணும்?

முதல் உயரத்தைப் பாப்பம். கதிரையில சாய்ஞ்சு இருக்கிற ஒரு பெரிய ஆளின்ர கண் நிலத்தில இருந்து ஏறத்தாழ 3½ அடியில இருக்கும், ரீவியின்ர நடு அந்த மட்டத்துக்குக் கிட்ட வந்தாத்தான் கழுத்துக்குச் சுகம். எங்கட வீடுகளில பாதிப்பேர் பாயில இருந்துதான் பாக்கிறவை, அவைக்கு இன்னும் ஒரு அடி கீழ வந்தாலும் நல்லம். ஆனா போய்ப் பாத்தா கனவீட்டில ரீவி 6 அடிக்கு மேல, சாமிப்படத்துக்குப் பக்கத்தில நிக்குது. ரெண்டு மணித்தியாலம் அண்ணாந்து பாத்திட்டு எழும்புற அம்மம்மா பிடரி நோகுது எண்டு சொன்னா அதை வயசில போடுறம், சுவரில இருக்கிற ரீவியை ஒருத்தரும் நினைக்கிறேல்லை. சின்னப்பிள்ளையள் இழுத்து விழுத்துவினம் எண்ட பயத்தில உயத்துறவையும் இருக்கினம், அந்தப் பயம் சரியான பயம்தான். அதுக்கு ரீவியைக் கீழ இறுக்கமாப் பூட்டினாக் காணும். உயரத்திலதான் வைக்க வேணுமெண்டால் முன்பக்கம் கீழ சரிக்கக்கூடிய பிராக்கெட் வாங்குங்கோ.

சூடுதான் பெரிய விசயம். ரீவியோட வாற புத்தகத்தை ஆரும் வாசிக்கிறேல்லை, பெரும்பாலும் 40 டிகிரிக்குள்ள பாவிக்கச் சொல்லியும், அடுப்பு மாதிரிச் சூடு வாற சாமானுக்குக் கிட்ட வைக்க வேண்டாம் எண்டும் அதில போட்டிருக்கும். உள்ளுக்க இருக்கிற கப்பாசிற்றர் எண்ட மின்சாரப் பாகத்துக்கு 10 டிகிரி சூடு கூடினா ஆயுள் அரைவாசியாக் குறையும் எண்டது இந்த வேலை செய்யிறவையின்ர பொதுக்கணக்கு. கணப்படுப்பு இல்லாட்டியும் எங்கட வீட்டில ரெண்டு சூட்டுச் சுவர் இருக்கு. ஒண்டு குசினியோட ஒட்டின சுவர். அங்கால விறகடுப்பு எரியுது, இஞ்சால ரீவி தொங்குது. சூட்டை விட புகை மோசம், புகையோட வாற எண்ணெய்ப் பிசுக்கு ரீவியின்ர பின்பக்கத்து ஓட்டையளில படிஞ்சு, கச்சான் காத்து அள்ளிக்கொண்டு வாற தூசி முழுக்க அதில ஒட்டிப்பிடிச்சு, உள்ளுக்க இருக்கிற வெக்கை வெளிய போக வழியில்லாமல் போயிடும். மற்றது மேற்குச் சுவர். பின்னேர வெயில் முழுக்க அதில விழும், சீமெந்துக்கல்லு அந்தச் சூட்டை உடன உள்ளுக்க விடாது, பொழுதுபட்டுக் கொஞ்ச நேரத்தாலதான் உள்பக்கம் நல்லாச் சுடும், அதாவது நாங்கள் ரீவி போடுற நேரம். துளை போட முதல் ஒருநாள் மத்தியானம் சமைச்சு முடியேக்கயும், பொழுதுபட்டாப் பிறகும் அந்தச் சுவரில உள்ளங்கையை வைச்சுப் பாருங்கோ. மற்றச் சுவரை விடச் சுட்டா அந்தச் சுவரை விட்டிடுங்கோ. தகரம், சீற் போட்ட வீடெண்டால் மேல போகப் போக வெக்கை கூடும், உயரத்தில வைக்காததுக்கு இது இன்னொரு காரணம். சீற் பொருத்துக்குக் கீழயும் வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழை எங்க ஒழுகும் எண்டு வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்.

பிறகு பூட்டுறது. 55 இஞ்சி ரீவி 15 கிலோ அளவில வரும். பொள்ளல் கல்லு, அதாவது உள்ளுக்க வெறுமையான சீமெந்துக்கல்லுச் சுவரில றில் முதல் இறுக்கமாப் போய், ஒரு இஞ்சி தாண்ட திடீரெண்டு "பொளக்" எண்டு உள்ளுக்க விழும், அப்ப அங்கால வெறும் பொந்து. அதில சும்மா ரோல் பிளக் (ஆணி பிடிக்கத் துளைக்குள்ள அடிக்கிற பிளாஸ்டிக் குழாய்) அடிச்சா ஆணியை முறுக்க முறுக்க பிளக்கும் சேந்து சுத்தும், இறுகாது. இதுக்குப் பயந்துதான் சில மேசன்மார் கதவு, யன்னலுக்கு மேல போற லின்டல் கொன்றீற்றில பூட்டினம், ஆணி நல்லாப் பிடிக்கும், ஆனா ரீவி 7 அடிக்குப் போயிடும். பொள்ளல் சுவரெண்டால் அங்கால மற்றப் பக்கம் இரும்புத் தகடு வைச்சு நீட்டு போல்ட் ஊடுருவிப் பூட்டுறது நல்லம். இப்பதான் வீடு கட்டுறீங்கள் எண்டால் ரீவி வாற இடத்துக் கல்லுக்குள்ள கலவையை நிரப்பச் சொல்லுங்கோ, கொஞ்சக் கலவையோட முடியிற வேலை. வாடகை வீடெண்டால் சுவரைத் துளைக்காமல் பதிஞ்ச மேசையில வையுங்கோ, 32 இஞ்சிக்கு அது தாராளம்.

கடைசியா இடி மின்னல். வடிவா இருக்கோணும் எண்டு பிளக் பொயின்ற்றை ரீவிக்குப் பின்னால மறைச்சு, சுவரோட ஒட்டுற பிராக்கெட்டையும் போட்டா, சித்திரை மழையில இடி முழங்கேக்க கை உள்ளுக்க போகாது. சுவிச்சை மட்டும் நிப்பாட்டினாக் காணாது, மின்னல் சுவிச்சுக்குள்ள இருக்கிற சின்ன இடைவெளியைத் தாண்டும், டிஷ் வயராலயும் வரும். பிளக்கையும் டிஷ் வயரையும் ரெண்டையும் கழட்ட வேணும், அதுவும் இடி தூரத்தில கேக்கேக்கயே. அதால பொயின்ற்றை ரீவிக்குப் பக்கவாட்டில, பெரிய ஆக்களின்ர கை எட்டுற இடத்தில அடிப்பியுங்கோ, வயரிங் செய்யிறவருக்கு இதைப் பூச்சு பூச முதலே காட்டிவிடுங்கோ.