கிட் லென்ஸ்ல பின்னாடி பிளர் வரலையா? இந்தத் தப்பையெல்லாம் விடுங்க

கேமரா பாக்ஸ்லயே வர்ற 18-55 எம்எம் ஜூம் லென்ஸை (இதைத்தான் கிட் லென்ஸ்னு சொல்றோம்) வச்சுக்கிட்டு "இதுல பிளர் வராதுண்ணா"ன்னு சொல்ற தம்பி தங்கச்சிங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேக்க மாட்டேங்குது, நாங்க ஆரம்பத்துல பண்ணின அதே வேலையைத்தான் அவங்களும் பண்றாங்க. லென்ஸைத் துடைக்கல, கை ஆடிடுச்சுங்கிற ரகமெல்லாம் இங்க வேண்டாம், எடுக்க எடுக்க அது தானா சரியாயிடும்.

18-லயே நிக்கிறது

இதைத்தான் விலாவாரியா சொல்லணும், இன்னைக்கும் இதைப் பார்த்தா எனக்குக் கடுப்பாகுது. எஃப் நம்பர் கம்மியா இருந்தா பிளர் அதிகம்னு எங்கேயோ படிச்சிருப்பாங்க. கிட் லென்ஸ்ல 18 எம்எம்ல எஃப் 3.5 கிடைக்கும், 55-க்கு ஜூம் பண்ணினா 5.6 ஆயிடும். நம்பர் ஏறுதேன்னு பயந்து ஜூமைத் தொடாம 18-லயே உக்காந்துடறாங்க.

எஃப் நம்பர்ங்கிறது வெறும் வகுத்தல் கணக்குங்க. ஃபோக்கல் லெங்த்தை, அதாவது 18, 55-னு சொல்ற அந்த எம்எம் அளவை, எஃப் நம்பரால வகுத்தா, லென்ஸை முன்னாடி இருந்து பார்த்தா தெரியற ஓட்டையோட அகலம் வந்துடும். 18-ஐ 3.5-ஆல வகுங்க, 5 எம்எம் சொச்சம். 55-ஐ 5.6-ஆல வகுங்க, கிட்டத்தட்ட 10. நம்பர் ஏறியும் ஓட்டை ரெண்டு மடங்கு பெருசாகுது! முகம் ஃபிரேம்ல ஒரே சைஸ்ல வர்ற மாதிரி ரெண்டுலயும் எடுத்துப் பாருங்க, தூரத்து மரம் 55-லதான் ஏறக்குறைய ரெண்டு மடங்கு கரைஞ்சிருக்கும். கிட்ட போகாம நின்ன இடத்துலயே ஜூமை மட்டும் திருப்பினா வித்தியாசம் ஆறு மடங்கு வரைக்கும் போகும்.

எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் அவங்க அக்கா வளைகாப்பு முழுக்க 18-லயே எடுத்தான். ஃபிரேம் நிறையணும்னு முகத்துக்குக் கிட்ட போனதால மூக்கு பெருசாயிடுச்சு, பின்னாடி அடுக்கி வச்ச பிளாஸ்டிக் சேர், சுவத்துல இருந்த ஈபி மீட்டர், அதுல ஓடுற நம்பர் வரைக்கும் பளிச்னு விழுந்திருக்கு, அக்கா கை நிறைய போட்டிருந்த கண்ணாடி வளையல் அந்தக் கூட்டத்துல எங்கேன்னு தேட வேண்டியிருக்கு. அப்புறம் லென்ஸ்தான் சரியில்லன்னு முடிவு பண்ணி ஈஎம்ஐ-ல 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் வாங்கினான். அது அருமையான லென்ஸ், வாங்குறது தப்பே இல்ல. ஆனா அன்னைக்கு ஜூம் ரிங்கைக் கடைசி வரைக்கும் திருப்பிட்டு ரெண்டு எட்டு பின்னாடி வந்திருந்தா போதும், வளைகாப்பை இன்னொரு தடவை நடத்த முடியாதுல்ல, அதான் எனக்கு ஆத்தவே மாட்டேங்குது.

ஆளைச் சுவத்தோட ஒட்டி நிக்க வைக்கிறது

55-ல ஆள்கிட்டருந்து ஒன்றரை மீட்டர்ல நிக்கிறீங்க, சுவர் அவருக்கு அரை மீட்டர் பின்னாடி இருக்குன்னு வைங்க. அவரை முன்னாடி கூட்டிட்டு வந்து, நீங்களும் அதே அளவு பின்னாடி வந்து, சுவருக்கும் அவருக்கும் நடுவுல ஆறு மீட்டர் விட்டா அதே செட்டிங்ல மூணு மடங்கு பிளர், பைசா செலவில்ல. கோயில் பிரகாரம், ஸ்கூல் கிரவுண்டு, நீளமான தெரு எல்லாம் இதுக்கு தோதா இருக்கும். பின்னாடி தள்ளி ஒரு வேப்பமரம் இருந்து, இலை இடுக்குல வெயில் வந்துச்சுன்னா ஒவ்வொரு இடுக்கும் சின்னச் சின்ன வட்டமா மாறி நிக்கும், கிட் லென்ஸ்லயே.

ஃபிளெக்ஸ் போர்டு முன்னாடி எடுக்கிறது

பெரிய எழுத்து கரையாது. இடத்தை மாத்துங்க.

ஆட்டோ மோடு

ஆட்டோல எஃப் நம்பரை கேமராவே முடிவு பண்ணிடும். அதை நாமளே வைக்கிற மோடு கேனான்ல ஏவி, நிக்கான்ல ஏ. பழகிக்கோங்க.

கிட்ட போகத் தயங்குறது

பூ, அகல் விளக்கு, குழந்தையோட கொலுசுன்னு சின்னதா எதை எடுத்தாலும் தைரியமா கிட்ட போங்க, கிட்ட போகப் போக பின்னாடி இன்னும் கரையும். கேனான் 18-55 எஸ்டிஎம் 25 சென்டிமீட்டர் வரைக்கும் ஃபோகஸ் ஆகும், அந்த அளவு லென்ஸ் முனையிலருந்து இல்ல, உள்ள படத்தைப் பதிவு பண்ற சென்சார்லருந்து, அதனால லென்ஸ் முனைக்கும் பூவுக்கும் நடுவுல இடைவெளி அதைவிடக் கம்மியாதான் இருக்கும், பயப்படாதீங்க.

ஐஎஸ்ஓ 100-ஐ விட மாட்டேன்னு அடம்பிடிக்கிறது

ஐஎஸ்ஓங்கிறது வர்ற வெளிச்சத்தை கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டணும்ங்கிற நம்பர். மரத்தடி நிழல்ல எஃப் 5.6 வச்சு ஐஎஸ்ஓ 100-லயே எடுத்தா ஷட்டர் 30-ல ஒரு செகண்டு வரைக்கும்கூட இறங்கிடும், அப்ப பேக்ரவுண்டோட சேர்ந்து ஆளும் கலங்கிடுவாரு. 400, தேவைப்பட்டா 800 வைங்க, ஷட்டர் 125-ல ஒரு செகண்டுக்கு வரட்டும். கொஞ்சம் புள்ளி புள்ளியா தெரிஞ்சா பரவால்ல, கண்ணு ஷார்ப்பா இருக்கணும்.