நவம்பர் கடைசிக்கு ஒரு ஜப்பானிய ப்ளேலிஸ்ட்: புதுசா கேக்குறவங்க எப்படி அடுக்கலாம்

ஜப்பானிய பாட்டுல இலையுதிர்காலம்னு தேடுனீங்கன்னா ஒரு மலை மாதிரி வந்து விழும், அதுல பாதி செப்டம்பர் பாட்டு, மீதியில பாதி வெறும் காதல் தோல்விப் பாட்டு. எனக்குப் பிடிச்சது அதுல ஒரு சின்ன துண்டு மட்டும்தான், அதாவது நவம்பர் ஆரம்பத்துலேருந்து முதல் பனி விழுற வரைக்கும் உள்ள அந்த கொஞ்ச நாள். நான் அடுக்குற முறை இதுதான்: ஒவ்வொரு பாட்டும் எந்த வாரத்துல நடக்குதுன்னு கண்டுபிடிக்கணும், அந்த வரிசையிலயே வைக்கணும். அப்படி வெச்சா காலம் நகர்றது காதுலயே கேக்கும், மொழி தெரியாதவங்களுக்கும் கேக்கும்.

ஸ்டெப் 1: நாலு வார்த்தைய மனசுல ஏத்திக்கோங்க

நம்ம பழைய ஆளுங்க கூதிர், முன்பனி, பின்பனின்னு குளிரையே மூணா பிரிச்சு வெச்ச மாதிரி ஜப்பான்லயும் பொடிப்பொடியா பிரிச்சிருக்காங்க, பாட்டு எழுதுறவங்க அத விடவே மாட்டாங்க.

கொஹருபியொரி. கொஹருன்னா சின்ன வசந்தம், பழைய சந்திர காலண்டர்ல 10வது மாசத்துக்கு அதுதான் பேரு, இப்போ கிட்டத்தட்ட நவம்பர். குளிர் வந்ததுக்கு அப்புறம் நடுவுல ஒரு நாள் இதமா வெயில் அடிக்கும் பாருங்க, அந்த நாள்.

கொகராஷி. மரத்த மொட்ட ஆக்கிட்டுப் போற குளிர் காத்து. இது வெறும் கவிதை வார்த்தை இல்ல, ஜப்பான் வானிலை ஆய்வு மையம் டோக்கியோ பக்கத்துக்கும் ஒசாகா இருக்குற கின்கி பக்கத்துக்கும் அந்த சீசனோட முதல் கொகராஷிய அறிவிப்பாவே சொல்லும், டோக்கியோன்னா அக்டோபர் பாதிலேருந்து நவம்பர் முடியுறதுக்குள்ள, வடக்கு இல்லன்னா வடமேற்குப் பக்கமிருந்து சுமாரா வினாடிக்கு 8 மீட்டர் வேகத்துல அடிக்கணும். சில வருஷம் அப்படி ஒரு காத்தே வராம அறிவிப்பு இல்லாமலே போயிடும்.

மீதி ரெண்டு ஈஸி. கரெஹான்னா காஞ்ச இலை, ஹட்சுயுகின்னா முதல் பனி.

ஸ்டெப் 2: வெயில்ல ஆரம்பிங்க

முதல் பாட்டு யமகுச்சி மொமோஎ பாடின 'கொசுமோசு', 1977 அக்டோபர்ல வந்தது. எழுதி இசையமைச்சவர் சதா மசாஷி. தலைப்ப எழுதும்போது இலையுதிர்காலம், செர்ரின்னு ரெண்டு எழுத்து போட்டு எழுதுவாங்க, ஆனா அத காஸ்மோஸ் பூவோட பேராவே வாசிக்கணும், அப்படி வாசிக்குற பழக்கம் ஊருக்குள்ள பரவுனதே இந்தப் பாட்டாலதான்.

நாளைக்கு கல்யாணமாகிப் போகப்போற பொண்ணு அம்மாவப் பாக்குறா, கதை அவ்வளவுதான். அம்மா கொஞ்ச நாளாவே கண்ணீரோட இருக்காங்க, தோட்டத்துல ஒரே ஒரு தடவ இருமுறாங்க, வாசத்திண்ணை மாதிரி இருக்குற எடத்துல ஆல்பத்த திறந்து வெச்சுக்கிட்டு பொண்ணோட சின்ன வயசு கதையையே திரும்பத் திரும்ப சொல்றாங்க. அந்த ஒரு இருமல் போதும் எனக்கு, அம்மாவுக்கு வயசாகுதுன்னு பாட்டுல எங்கயும் சொல்லல, அந்த இருமல்தான் சொல்லுது.

இப்போ எந்த வாரம்னு பாக்கலாம். காஸ்மோஸ் பூ அக்டோபர்லயே நல்லா பூத்துடும், அத மட்டும் வெச்சுப் பாத்தா சீக்கிரமா வர்ற பாட்டுன்னு நெனச்சுடுவோம், ஆனா பாட்டுக்கு நடுவுல கொஹருபியொரின்னு வார்த்தை வருது, பாட்டுக்கு முதல்ல யோசிச்ச பேரே அதுதான். அப்போ பூ முடியப்போற சமயம், நவம்பர் ஆரம்பம். இத பாடும்போது மொமோஎவுக்கு வயசு 18தான், 1980ல அவங்களே கல்யாணம் பண்ணிக்கிட்டு பாட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க, அப்புறம் மேடைப் பக்கம் வரவே இல்ல. சதா மசாஷி அவரே பாடின வடிவமும் இருக்கு, ஆனா முதல்ல மொமோஎ பாடினதக் கேளுங்க. தேடும்போது பாடகி பேரையும் சேத்து ரோமன் எழுத்துல அடிங்க, இல்லன்னா விண்வெளி வீடியோவா வந்து நிக்கும்.

ஸ்டெப் 3: காத்த உள்ள விடுங்க

அடுத்தது கொய்சுமி கியோகோவோட 'கொகராஷி நி தகரெதே', 1986 நவம்பர். கொகராஷி அணைச்சுக்கிட்ட மாதிரின்னு அர்த்தம், தலைப்புலயே வாரம் சொல்லியாச்சு. எழுதி இசையமைச்சது ஆல்ஃபி குழுவோட தகாமிசவா தொஷிஹிகோ. சொல்லாமலே மனசுக்குள்ள வெச்சிருக்குற காதல்தான் விஷயம், ஆனா மெட்டு அழுது வடியாது, பழைய ஐரோப்பிய நாட்டுப்புறப் பாட்டு மாதிரி ஒரு நடை, காத்துக்கு எதிரா தலையக் குனிஞ்சுக்கிட்டு நடக்குற வேகம் அதுல இருக்கு.

ஸ்டெப் 4: சாயங்காலம்

இலையுதிர்காலத்து சூரியன் கிணத்துல விட்ட வாளி மாதிரி விழுந்துடும்னு ஜப்பான்ல ஒரு சொலவடை இருக்கு. நவம்பர் கடைசியில டோக்கியோல 4:30க்கெல்லாம் சூரியன் மறைஞ்சுடும், அதனால இந்த லிஸ்ட்டோட நடுப்பகுதி முழுக்க சாயங்காலமும் ராத்திரியும்தான்.

இட்சுவா மயுமியோட 'கொய்பிதோ யோ' (1980) முதல் வரியிலயே காஞ்ச இலை உதிர்ற அந்தி வந்துடும், மழையில உடைஞ்ச பெஞ்ச் வரும், அந்தப் பக்கமா மாரத்தான் ஓடுற ஆள் ஒருத்தர் வந்து கடந்து போவாரு. ஒருத்திக்கு எல்லாமே நின்னு போச்சு, பக்கத்துல ஒருத்தர் பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்காரு. இத மொபைல் ஸ்பீக்கர்ல போடாதீங்க ப்ளீஸ், ஹெட்ஃபோன்ல கேளுங்க.

இதுக்கு அப்புறம் இன்னொரு மெதுவான பாட்டு வெச்சா மனசு தாங்காது, அதனால நான் மட்சுபாரா மிகியோட 'மயோனகா நோ டோஆ' வைப்பேன், 1979 நவம்பர்ல வந்தது, இசை ஹயாஷி டெட்சுஜி. 2020 கடைசியில உலகம் பூரா திடீர்னு வைரல் ஆச்சே, அதே பாட்டு, உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கலாம். பேஸ் கிட்டார் துள்ளும், காலு தானா தாளம் போடும், ஆனா உள்ள பாத்தா சாம்பல் கலர் ஜாக்கெட்ல பழகின காபி கறை, ரெண்டாவது குளிர்காலம் வந்ததும் விலகிப் போன அவன் மனசு, ஒரே மெட்ட திரும்பத் திரும்ப ஓட்டிக்கிட்டு இருக்குற ரெக்கார்ட் ஊசி. வேகமான பாட்டும் இந்த மூடுக்குப் பொருந்தும்னு எனக்குக் காட்டுனது இதுதான்.

ஸ்டெப் 5: ரெண்டு எடத்துல ஏமாறுவீங்க, பாத்துக்கோங்க

ரிலீஸ் தேதிய நம்பாதீங்க. ஸ்பிட்ஸ் குழுவோட 'கஎடெ' 1998 ஜூலையில சிங்கிளா வந்தது, நடுக் கோடை. ஆனா கஎடென்னா மேப்பிள் மரம், பாட்டுக்குள்ள மரமே வராது, பிரிஞ்சு போனவங்க குரல மட்டும் எடுத்துக்கிட்டு நடக்குற ஆள்தான் வருவான். மரம் தலைப்புல மட்டும் நிக்குது, செவந்த இலைய நம்மளே நெனச்சுக்க வேண்டியதுதான். நான் இத காத்துக்கும் அந்திக்கும் நடுவுல வைப்பேன்.

அதே மாதிரி அழகா இருக்குன்னு எல்லாத்தையும் சேத்துடாதீங்க. ஃபுஜிஃபேப்ரிக் குழுவோட 'அகாகீரோ நோ கின்மொகுசே' (2004) எனக்கு உயிர், ஆனா கின்மொகுசே பூவோட வாசனை தெருவெல்லாம் வர்றது செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல்ல. நவம்பர்ல அந்த வாசனையே இருக்காது. அதனால மனசு கஷ்டமா இருந்தாலும் வெளிய எடுத்து வேற லிஸ்ட்ல போட்டுட்டேன்.

ஸ்டெப் 6: பனி விழுந்ததும் நிறுத்துங்க

கடைசி பாட்டு நகஷிமா மிகாவோட 'யுகி நோ ஹனா', 2003 அக்டோபர். நீண்ட நிழல் ரெண்டு நடைபாதையில பக்கத்துல பக்கத்துல விழும், காத்து ஜில்லுன்னு ஆகி குளிர்கால வாசனை வரும், அப்புறம் அந்த வருஷத்தோட முதல் பனி. குரலக் கேட்டுட்டு நிறைய பேர் இத பிரிவுப் பாட்டுன்னு நெனச்சுக்குறாங்க, இதுல ரெண்டு பேரும் சேந்துதான் நிக்குறாங்க.

ஆக வரிசை: கொசுமோசு, கொகராஷி, கஎடெ, கொய்பிதோ யோ, மயோனகா நோ டோஆ, யுகி நோ ஹனா. ஆறே பாட்டு. ஷஃபிள ஆஃப் பண்ணிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே முதல் பாட்ட போடுங்க, கடைசி பாட்டு வரும்போது வெளிய இருட்டி இருக்கணும். முதல் தடவ வரிகளோட அர்த்தம் தேடாம கேளுங்க, ரெண்டாவது தடவ கொசுமோசுவுக்கு மட்டும் வரிகள எடுத்து வெச்சுக்கிட்டு, அந்த இருமல் எங்க வருதுன்னு பாருங்க.