காந்தத் தண்ணியைச் சோதிக்க ஐந்து பேணி போதும்

போன வைகாசியில், வற்றாப்பளைப் பொங்கல் முடிந்த கையோடு ஒருவர் எங்கள் வீதிக்கு வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டி. என் அக்காவைக் கதிரையில் இருத்தி, உடம்பில் படாமல் உச்சியிலிருந்து கால்வரை கையை இறக்கி இறக்கி, "ஓட்டம் அடைபட்டுக் கிடக்குது அம்மா" என்றார். போகும்போது ஒரு வட்டக் காந்தத்தை 4,500 ரூபாவுக்கு விற்றுவிட்டுப் போனார். தண்ணிப் போத்தலை இரவு முழுக்க அதன்மேல் வைத்து விடியக் குடித்தால் முழங்கால் நோவு பறந்துவிடுமாம்.

நான் முப்பத்தொரு வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவள். அதில் பாதி, இடம்பெயர்ந்த இடங்களில் மரத்தடியிலும் தறப்பாளின் கீழும். அதனால்தான் அக்கா எனக்குச் சொல்லாமல் வாங்கினாள். நான் கண்டுபிடித்தபோது காந்தம் சாமி அறையில் இருந்தது. "குடிச்சு அஞ்சு நிமிசத்தில முழங்கால் சூடாகுதடி. நீ நம்பாட்டி விடு" என்றாள்.

சண்டை பிடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைவிட நல்ல வழி ஒன்று 1784ஆம் ஆண்டிலிருந்து கிடக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு போத்தல் இருந்தால், அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

கையை இறக்கி ஓட்டத்தைத் திறக்கும் வித்தைக்கு வயது இருநூற்றைம்பது. பிரான்ஸ் அன்ரன் மெஸ்மர் என்ற வைத்தியர் 1766இல் வியன்னாவில் எழுதிய பட்ட ஆய்வே கிரகங்கள் மனித உடம்பை எப்படி ஆட்டுகின்றன என்பதைப் பற்றித்தான். அதில் பெரும்பகுதி ரிச்சர்ட் மீட் என்ற ஆங்கில வைத்தியரின் எழுத்திலிருந்து எடுத்தது என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. 1774இல் ஓஸ்ரர்லின் என்ற பெண்ணுக்கு இரும்பு கலந்த மருந்தைக் குடிக்கக் கொடுத்து, உடம்பில் காந்தங்களைக் கட்டி வைத்தியம் பார்த்தார். காந்தங்களைக் கொடுத்தவர் மக்ஸிமிலியன் ஹெல் என்ற பாதிரியார், வானியலாளர். நோவு குறைந்ததும் இருவருக்கும் பிடுங்குப்பாடு. ஹெல், "என் காந்தம்தான் குணமாக்கியது" என்றார். மெஸ்மர், "காந்தம் வெறும் வாய்க்கால், ஓடியது என் உடம்பிலிருக்கும் சக்தி" என்றார். அந்தச் சக்திக்கு அவர் வைத்த பெயர்தான் உயிர்க்காந்தம். சிலர் இதை மிருகக் காந்தம் என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதில் வேலை இல்லை.

1778இல் அவர் பாரிசுக்குப் போனார். ஒரு பெரிய ஓக் மரத் தொட்டி, அதற்குள் தண்ணிப் போத்தல்கள், இரும்புத் தூள், அரைத்த கண்ணாடி. தொட்டியிலிருந்து நீளும் இரும்புக் கம்பியை நோவுள்ள இடத்தில் வைத்துக்கொண்டு ஆட்கள் சுற்றிவர இருப்பார்கள். பின்னால் இசை. கொஞ்ச நேரத்தில் யாராவது உதறி விழுவார். மற்றவர்களும் தொடர்வார்கள். எங்கள் கோயிலில் ஒருவருக்கு உரு வந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் வருவதைக் கண்டவர்களுக்கு இது புதினமில்லை. (கோயிலை நான் இந்தச் சோதனைக்குள் இழுக்கவில்லை. அம்மன் யாருக்கும் காந்தம் விற்கவில்லை.)

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் ஒரு கொப்பி எடுங்கள். சோதனைக்கு முன்னரே, என்ன நடக்கும், எத்தனை நிமிடத்தில் நடக்கும் என்று நோயாளியின் வாயால் சொல்லவைத்து எழுதுங்கள். "உடம்புக்கு நல்லது" என்பதை எழுத வேண்டாம், அதை அளக்க முடியாது. "குடித்து ஐந்து நிமிடத்தில் வலது முழங்கால் சூடாகும்" என்று எழுதி, கீழே அக்காவின் கையெழுத்தையும் வாங்கினேன். கையெழுத்து வாங்குவது பகிடிக்கு இல்லை. மெஸ்மர் 1779இல் வெளியிட்ட சிறு நூலில் 27 கூற்றுகள் இருக்கின்றன. அந்தச் சக்தி கண்ணாடியில் தெறிக்கும், ஒலியில் கூடும், சேமித்து வைக்கலாம் என்றெல்லாம் எழுதிக்கொண்டு போனவர், நடுவில் இன்னொன்றையும் செருகியிருக்கிறார்: ஒரு சிலருடைய உடம்பு எதிர்த் தன்மையுள்ளதாம், அவர்கள் பக்கத்தில் நின்றாலே எல்லாப் பலனும் அழிந்துவிடுமாம். தோற்றால் தப்ப ஒரு பொட்டு, வேலி அடைக்கும்போதே விட்டது. எங்கள் வீதிக்கு வந்தவரும் இரண்டாம் முறை வந்தபோது என்னைப் பார்த்துவிட்டு, "நம்பிக்கை இல்லாத ஆக்கள் நிண்டா வேலை செய்யாது ரீச்சர்" என்றார். அவர் மெஸ்மரை வாசித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது தண்ணி. இதில்தான் நான் முதல் நாள் பிழைவிட்டேன். காந்தத்தில் வைத்தது கடையில் வாங்கிய ஆர்.ஓ. (வடிகட்டிய) தண்ணி, மற்றது எங்கள் கிணற்றுத் தண்ணி. வன்னிக் கிணற்றுத் தண்ணியின் கல்லுச் சுவை நாக்குக்குத் தெரியாமல் போகுமா? அக்கா ஒரே மிடறில் பிடித்துவிட்டாள். அந்த நாளைக் கொப்பியில் வெட்டினேன். ஆகவே ஒரே வாளியில் அள்ளிய தண்ணியை இரண்டு ஒரே மாதிரிப் போத்தல்களில் விடுங்கள். ஒன்று காந்தத்தின்மேல். மற்றது வீட்டின் மறுகோடியில், அதே நிழலில், மர ஸ்ரூலின்மேல். இரண்டுக்கும் ஒரே துணி மூடி.

ஐந்து பேணிகளின் அடியில் 1 முதல் 5 வரை எழுதுங்கள். ஐந்து துண்டுக் கடதாசியைச் சிரட்டையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தால், அந்த இலக்கப் பேணிக்கு மட்டும் காந்தத் தண்ணி, மற்ற நான்குக்கும் வெறும் தண்ணி. இதைச் செய்கிறவர் வேறு, குடிக்கக் கொடுக்கிறவர் வேறு. எங்கள் வீட்டில் ஊற்றியது ஒன்பதாம் ஆண்டு படிக்கும் அக்காவின் பேரன். ஊற்றி, இலக்கத்தைத் தன் கொப்பியில் எழுதிவிட்டு அவன் வளவுக்குள் போய்விட வேண்டும். நான் பேணிகளை எடுத்துக் கொடுப்பேன், எது எது என்று எனக்கும் தெரியாது. "உன்னை நீயே ஏன் ஏமாற்றுகிறாய்" என்று அக்கா கேட்டாள். வாய்ப்பாடு கேட்கும்போது பிள்ளைகள் என் புருவத்தைப் பார்த்து விடை சொல்வதை வருசக்கணக்காகக் கண்டிருக்கிறேன். தெரிந்தவள் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு பேணிக்கு ஒரு மிடறு, பிறகு பத்து நிமிடப் பொறுதி. ஐந்தும் முடிந்ததும், எது காந்தத் தண்ணி என்று நோயாளி சொல்ல வேண்டும். சிறுநீரக வருத்தத்துக்குத் தண்ணியை அளந்து குடிக்கும் ஆட்கள் எங்கள் பக்கத்தில் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த அளவும் கணக்கில் சேர வேண்டும்.

இதே பேணி விளையாட்டைத்தான் 1784இல் பாரிசிலும் செய்தார்கள். பதினாறாம் லூயி மன்னர் நியமித்த குழுவில் பெஞ்சமின் பிராங்ளின், இரசாயனக்காரர் லாவோசியர், வானியலாளர் பெய்லி, வைத்தியர் கியோத்தின் எல்லோரும் இருந்தார்கள். லாவோசியரின் வீட்டில் ஒரு பெண்ணுக்கு வரிசையாகக் கோப்பைகள் கொடுத்தார்கள். நாலாவது கோப்பையில் அவளுக்கு வலிப்பே வந்துவிட்டது. அது வெறும் தண்ணி. களைத்துப்போய்க் குடிக்கத் தண்ணி கேட்டபோது காந்தம் ஏற்றிய கோப்பையைக் கொடுத்தார்கள். அமைதியாகக் குடித்துவிட்டு, சுகமாக இருக்கிறது என்றாளாம்.

அவர்கள் முன்னால் வைத்தியம் செய்து காட்டியவர் மெஸ்மர் இல்லை. அவர் வரவில்லை. வந்தவர் அவரிடம் படித்த சார்ல்ஸ் டெஸ்லோன். மன்னரின் தம்பிக்கே வைத்தியராக இருந்த ஆள். உயிர்க்காந்தத்தை ஆதரித்து எழுதியதற்காக மருத்துவ பீடம் அவரைத் தள்ளிவைத்தது. அப்படியும் "வந்து பாருங்கள்" என்று கதவைத் திறந்தார். இந்தக் கதை முழுவதிலும் எனக்குப் பிடித்த மனிதர் அவர்தான். பிறகு மெஸ்மர், "டெஸ்லோனைச் சோதித்தது என்னைச் சோதித்ததாகாது" என்று கையை உதறிவிட்டார்.

பிராங்ளினுக்கு அப்போது 78 வயது, நடமாட்டம் கஷ்டம். அதனால் பாசி (Passy) என்ற இடத்தில் இருந்த அவருடைய வீட்டுத் தோட்டத்திலேயே ஒரு சோதனை வைத்தார்கள். டெஸ்லோன் ஒரு அப்ரிகொட் மரத்துக்குச் சக்தி ஏற்றினார். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, வேறு நாலு மரங்களிடம் ஒவ்வொன்றாகக் கூட்டிப்போனார்கள். போகப்போக வேர்த்தான், இருமினான். நாலாவது மரத்தடியில் கை கால் விறைத்து மயங்கி விழுந்தான். சக்தி ஏற்றிய மரம் அங்கிருந்து 24 அடி தள்ளி நின்றது. டெஸ்லோன் சொன்ன சமாதானம்: எல்லா மரத்திலும் இயற்கையாகவே அந்தக் காந்தம் இருக்கிறது. அப்படியானால் தோட்டத்துக்குள் நடக்கிறவன் எல்லாம் விழ வேண்டுமே என்று குழு திருப்பிக் கேட்டது. இந்தச் சமாதானத்தை ஞாபகம் வைத்திருங்கள்.

ஒரு நாள் சரியாகச் சொல்வதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஐந்தில் ஒருமுறை சரிவரும். ஐந்து பின்னேரங்கள் செய்யுங்கள். ஐந்தில் நான்கோ ஐந்தோ சரியென்றால் யோசிக்கத்தான் வேண்டும். குருட்டு வாய்ப்பில் அப்படி வருவது 3,125இல் 21 தடவைதான். அந்த எல்லையையும் முதலே கொப்பியில் எழுதிவிடுங்கள்.

இது பாதிச் சோதனை. மற்றப் பாதி இதைவிட முக்கியம், செய்யச் சங்கடமானதும்கூட. பேணியில் வெறும் தண்ணியை ஊற்றி, "இது காந்தத் தண்ணி" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். நோயாளியிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். "இந்தக் கிழமையில் ஒரு நாள் பொய் சொல்லுவன், எந்த நாள் எண்டு சொல்லமாட்டன்" என்றேன். "சரி, சொல்லு. சாமிப் படத்துக்கு முன்னால மட்டும் வேண்டாம்" என்றாள் அக்கா. ஆகவே குசினியில் வைத்துச் சொன்னேன். நாலே நிமிடத்தில் அவளுக்கு முழங்கால் சூடானது.

கையால் "இறக்குகிற"வர் என்றால் பேணிக்குப் பதில் சேலைத் திரை. பாரிசில் ஒரு பெண்ணைக் கடதாசி ஒட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் இருத்திக் கதைகொடுத்துக்கொண்டு, அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்குத் தெரியாமல் அரை மணித்தியாலம் காந்தம் ஏற்றினார்கள். அவள் சந்தோசமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். பிறகு முன்னால் வந்து, வேண்டுமென்றே பிழையான திசையில் ஏற்றினார்கள். மூன்று நிமிடத்தில் அந்தரப்படத் தொடங்கினாள், பன்னிரண்டு நிமிடத்துக்குள் வலிப்பே வந்துவிட்டது. எங்கள் ஆளிடம் திரையைப் பற்றிச் சொன்னேன். அவசர வேலை இருப்பதாகச் சொல்லி மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

ஒருவர் தனிய இருக்கும் அறையில் இந்த வைத்தியம் நடக்க விடாதீர்கள். பெய்லி மன்னருக்கு மட்டும் இரகசியமாக இன்னோர் அறிக்கை எழுதினார்: ஏற்றுகிறவர்கள் ஆண்கள், நோயாளிகள் பெரும்பாலும் பெண்கள், முழங்காலோடு முழங்கால் முட்ட இருக்கிறார்கள் என்று. கதவு திறந்திருக்கட்டும், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

சோதிக்கக் கூடாதவையும் இருக்கின்றன. வலிப்பு உள்ளவரை இதற்கு இருத்த வேண்டாம். சீனி, பிரஷர் குளிசைகளை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். அக்காவின் தொடையில் 2009இல் ஏறிய ஷெல் துண்டு ஒன்று இன்னும் கிடக்கிறது. காந்தம் அதை மெல்ல மெல்ல வெளியே இழுத்துவிடும் என்றும் அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. உடம்புக்குள் இரும்பு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனால் அதை வாசலிலேயே சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. மெசினுக்குள் இருக்கும் காந்தம் விளையாட்டுச் சாமான் இல்லை, உள்ளே கிடக்கும் துண்டை அசைக்கக்கூடியது.

குழுவின் அறிக்கை ஓகஸ்ட் 11ஆம் திகதி வந்தது. காந்தம் இல்லாமல் கற்பனை மட்டும் வலிப்பைக் கொண்டுவருகிறது, கற்பனை இல்லாமல் காந்தம் ஒன்றையும் செய்யவில்லை என்பதுதான் அதன் சாரம். ஆனால் நோயாளிகளுக்குக் குணம் கிடைத்ததா என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. நோய் தானாகவும் மாறும், அதை வைத்து முடிவெடுக்க முடியாது என்றார்கள். வாதம் சரி. அப்படியும், கற்பனைக்கு இத்தனை பலம் என்று கண்டுபிடித்துவிட்டு அதைக் குப்பையோடு கூட்டி எறிந்தது எனக்கு உறுத்துகிறது. வேறொரு குழுவில் இருந்த தாவரவியலாளர் ஜுஸ்ஸியு, எல்லாவற்றையும் கற்பனையில் போட முடியாது என்று தனியாக எழுதினார். 1845இல் வங்காளத்தின் ஹூக்லியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற வைத்தியர் இதே கை இறக்கலால் ஆட்களை மயக்கிப் பெரிய கட்டிகளை வெட்டி எடுத்தார். மணிக்கணக்காகக் கையை இறக்கிக் களைத்தவர்கள் அவருடைய உள்ளூர் உதவியாளர்கள். அடுத்தடுத்த வருசங்களில் ஈதரும் குளோரோபோமும் வந்ததும் அந்த வழக்கம் ஒதுங்கியது.

ஆகவே முடிவைச் சொல்லும்போது "உனக்கு நோவே இல்லை, எல்லாம் மனசு" என்று சொல்லிவிடாதீர்கள். நோவு இருந்தது, குறைந்ததும் உண்மை. குறைத்தது 4,500 ரூபாக் காந்தம் இல்லை, அவ்வளவுதான். அயலட்டைக்குச் சொல்வதற்கு முன் நோயாளிக்குக் கொப்பியைக் காட்டுங்கள்.

நான் காட்டினேன். ஐந்து பின்னேரத்தில் அக்கா சரியாகச் சொன்னது ஒரு நாள்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தாள். பேரனின் கொப்பியையும் வாங்கி ஒத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"அப்ப எங்கட கிணத்துத் தண்ணி முழுக்க அது இருக்குதடி."

அதையும் திகதி போட்டு எழுதி, பக்கத்தில் டெஸ்லோன் என்று குறித்துவைத்தேன். காந்தம் இப்போது தையல் மெசின் லாச்சிக்குள். ஊசி கீழே விழுந்தால் அக்காதான் எடுத்துத் தருவாள்.