அம்பாசிடரில் பாட்டு: தகரத்தை அறுக்காமல் ஸ்டீரியோ மாட்டும் முறை

பழைய காருக்கு ஸ்டீரியோ வாங்க நினைப்பவர்கள் கடைக்குப் போகும் முன் வண்டிக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் வீட்டு வண்டி 80களில் வந்த அம்பாசிடர் மார்க் 4. கறுப்பு ரெக்சின் சீட், மங்கலான மஞ்சளில் எரியும் மீட்டர் விளக்கு, ஓய்ந்துபோன ஒரு மீடியம் வேவ் ரேடியோ. இதற்குள் நீல வெளிச்சம் அடிக்கும் டச் ஸ்கிரீனை வைத்தால் இரவில் கண் ரோட்டைப் பார்க்காது. அதைவிட மோசம், அதற்காக டேஷ்போர்டை அறுப்பது. அறுத்த தகரத்தை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. மாட்டுவதெல்லாம் ஒரு ஸ்குரூடிரைவரால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

பழைய ரேடியோ அதன் இடத்திலேயே இருக்கிறது. புது செட்டை டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பெட்டியில் வைத்தேன். சிங்கிள் டின் என்ற ஒற்றை அளவு செட்டின் முகம் சுமார் 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். சிடி போடும் வசதி இல்லாத செட் நீளம் குறைவு, முட்டியில் இடிக்காது. விளக்கின் நிறத்தை மாற்ற முடியுமா என்று கேட்டு வாங்குங்கள். மீட்டரின் மஞ்சளுக்கு அதைக் கொண்டுவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெட்டிக்கு அயினிப் பலகை போதும். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டவே வேண்டாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது ஊறி உப்பிவிடும். பெட்டியைக் குஷன் கடையில் கொடுத்து, சீட்டுக்குப் போட்ட அதே ரெக்சினை ஒட்டி வாங்குங்கள்.

அடுத்தது கரண்ட். மிகப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் இருக்கலாம். பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் எதையும் இணைக்காதீர்கள். இன்றைய செட்டுகள் எல்லாம் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. செட்டின் மஞ்சள் வயர் நேராக பேட்டரிக்கு, சிவப்பு சாவி வழியாக, கறுப்பு எர்த்துக்கு. பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வைத்துவிடுங்கள். பழைய வயரிங்கில் தீப்பிடித்தால் அணைக்க நேரம் கிடைக்காது. எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: உப்புக்காற்று பட்ட எர்த் துருப்பிடித்தால், செட் தானாக அணைவது, ஸ்பீக்கரில் இரைச்சல் என்று வரிசையாகத் தொல்லைதான்.

செட் வரும் அட்டைப்பெட்டியில் 50 வாட் என்று போட்டிருப்பது உச்சக்கணக்கு. ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கிடைப்பது சுமார் 15 முதல் 20 வாட்தான். டைனமோ வண்டி ஐட்லிங்கில் சரியாக சார்ஜ் ஆகாது, அதில் பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) வைப்பது பேட்டரிக்குச் செய்யும் கொடுமை. ஆம்புக்குச் செலவழிப்பதற்குப் பதில் நல்ல சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் வாங்குங்கள். 89 டெசிபல் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் பாதி வாட்டிலேயே தந்துவிடும்.

ஸ்பீக்கரின் நடுவில் அதிரும் கோன் காகிதமாக இல்லாமல் பாலிபுரோப்பிலீனாகவும், சுற்று விளிம்பு ஃபோமாக இல்லாமல் ரப்பராகவும் இருக்கட்டும். நம் ஊர் ஈரத்தில் ஃபோம் பொடிந்து உதிரும். பின் சீட்டுக்கு மேலுள்ள தட்டில் 6x9 இன்ச் ஓவல் ஸ்பீக்கர் ஜோடி. டிக்கியே அதற்குப் பெட்டியாக இருந்து பேஸ் கொடுக்கும். அந்தத் தட்டின் பலகைக்கு 12 மி.மீ. மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) போட்டு, மேலே கறுப்புத் துணி இழுத்துவிட்டால் ஸ்பீக்கர் இருப்பதே தெரியாது. முன்னால் சிறியதாக 4 இன்ச் ஜோடி, டேஷ்போர்டின் அடியில், முகத்தைப் பார்த்துச் சாய்த்து. கதவுகளைத் தொடாதீர்கள், அங்கே கண்ணாடி இறங்க வேண்டும். இணைத்தபின் 1.5 வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். எல்லாக் கோனும் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று மட்டும் மாறினால் பேஸ் காணாமல் போய்விடும்.

ஆன்டெனா விஷயத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. நாகர்கோவில் வானொலி 101 மெகாஹெர்ட்ஸ். அதன் கால் அலைநீளம் சுமார் 75 செ.மீ. பழைய இழுப்பு ஆன்டெனாவை அந்த அளவுக்கு நீட்டி, அடித்தளத்தின் துருவைத் தேய்த்து எடுங்கள். திருவனந்தபுரம் வானொலியின் எஃப்எம் பக்கத்திலேயே 101.9-இல் இருப்பதால், தக்கலை தாண்டி மேற்கே போகப் போக ஆன்டெனாவின் தரம் நன்றாகவே தெரியும். எஞ்சின் வேகத்தோடு 'டக்டக்' என்று சத்தம் ஏறி இறங்கினால் கோளாறு பெரும்பாலும் செட்டில் இல்லை. ரெசிஸ்டர் வகை பிளக் வயர் போட்டால் அடங்கும்.

வண்டிக்குள் வரும் இரைச்சலைக் குறைக்கத் தரைக்கு ஃபெல்ட் விரிப்பதை விடுங்கள், மழைத்தண்ணீரை வாங்கித் தகரத்தை அரிக்கும். பியூட்டில் ரப்பர் ஷீட் ஒட்டுங்கள், நீர் வடியும் ஓட்டைகளை மட்டும் மூடாமல். அப்புறம் ஒன்று, வண்டியை வாரக்கணக்கில் ஷெட்டில் நிறுத்துபவர்கள் மஞ்சள் வயரில் ஒரு சுவிட்ச் வையுங்கள். ஸ்டேஷன்களை நினைவில் வைக்க செட் எப்போதும் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். சுவிட்சை அணைத்தால் ஸ்டேஷன்களை மறுபடி வைக்க வேண்டிவரும், ஆனால் பேட்டரி இறங்காது.