வன உரிமைச் சட்டம்: காட்டு நிலத்துக்கு உரிமை கோருவது எப்படி?

இருளர், பளியர், காணி என எந்தச் சமூகமானாலும், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி உரிமை கோரும் வேலை ஊரில்தான் தொடங்குகிறது. அங்கே கோப்பு அரைகுறையாகக் கிளம்பினால் மேலே போய்ச் சரிசெய்வது பெரும்பாடு.

1. தகுதி
பழங்குடியினர் என்றால் 13.12.2005-க்கு முன்பிருந்தே நிலம் அனுபவத்தில் இருக்க வேண்டும். மற்றவர்கள் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டை நம்பி வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். உச்சவரம்பு 4 ஹெக்டேர். ஒரு ஏக்கரில் உழுதால் ஒரு ஏக்கருக்குத்தான் உரிமை.

2. கிராம சபையும் குழுவும்
கிராம சபை கூடி, மனுக்களை வாங்கிச் சரிபார்க்க 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். அதில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சபைக்கு உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கித் தீர்மானம் எழுதாதீர்கள். அது செல்லாது.

3. படிவம்
தனிநபர் நிலத்துக்குப் படிவம் ஏ. தேன், கடுக்காய், மேய்ச்சல் போன்ற பொது உரிமைகளுக்குப் பி. ஊரே காட்டைக் காத்து மேலாண்மை செய்யும் உரிமைக்கு சி. பலரும் ஏ-யோடு நின்றுவிடுகிறார்கள். சி-யை விட்டுவிடாதீர்கள், ஊருக்கு நீண்டகாலக் காப்பு அதுதான். மணமானவர்களுக்கு உரிமை ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும்.

4. ஆதாரம்
குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் செல்லும். கிணறு, வரப்பு, முன்னோர் புதைகுழி, குலதெய்வக் கோயில் ஆகியவையும் சான்றுகளே. மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் வாக்குமூலத்தையும் எழுத்தில் சேருங்கள். 'காலங்காலமாக இருக்கிறார்கள்' என்று எழுதினால் பயனில்லை. கிழக்கே ஓடை, மேற்கே பாறை, நடுவே யார் வெட்டிய கிணறு, என்ன விளைந்தது, அந்த நிலத்தில் எந்தத் தலைமுறையை அவர் கண்ணால் பார்த்தார் என்று எழுதுங்கள். வனத்துறை போட்ட பழைய அபராத ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். அவற்றை மட்டும் காரணம் காட்டி மனுவைத் தள்ள முடியாது. அன்றைக்கே நீங்கள் அங்கே இருந்ததற்கு அவை சாட்சியும்கூட.

5. களச் சரிபார்ப்பு
வன உரிமைக் குழு நிலத்தை நேரில் பார்க்கும் தேதியை முடிவு செய்து, அதை வனத்துறைக்கும் வருவாய்த் துறைக்கும் எழுத்தில் அறிவித்து, ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லையென்றால் 'எங்களுக்குத் தகவலே வரவில்லை' என்று சொல்லிக் கோப்பைத் திருப்பி அனுப்ப வழியுண்டு. வந்த அலுவலர்கள் பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும்.

6. தீர்மானம், மேல்முறையீடு
மனுக்கள் மீது தீர்மானம் போடும்போது மனுதாரர்களில் பாதிப் பேராவது, நேரிலோ பிரதிநிதி மூலமோ, சபையில் இருக்க வேண்டும். பிறகு கோப்பு வருவாய்க் கோட்ட அளவிலான உட்கோட்டக் குழுவுக்கும், ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். குறிப்பிட்ட ஓர் ஆவணம்தான் வேண்டும் என்று அவர்கள் அடம்பிடிக்க முடியாது. தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கிராம சபையின் முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் உட்கோட்டக் குழுவிடமும், அதன் முடிவை எதிர்த்து 60 நாளுக்குள் மாவட்டக் குழுவிடமும் முறையிடலாம். நேராக மாவட்டக் குழுவுக்குப் போக முடியாது.

இதற்கிடையே காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் பதறாதீர்கள். அங்கீகாரமும் சரிபார்ப்பும் முடியும்வரை வெளியேற்றக் கூடாது என்கிறது பிரிவு 4(5). அதைக் குறிப்பிட்டு, மனு கொடுத்த ஒப்புகையின் நகலை இணைத்து, எழுத்தில் பதில் கொடுங்கள்; அந்தப் பதிலுக்கும் ஒப்புகை வாங்குங்கள்.