பெரிய நிதி அலுவலகத்துக்கு நெட்வொர்க் கேபிளிங்: பாதையிலிருந்து தொடங்குவோம்

ஒன்று போனால் மற்றது கைகொடுக்கும் என்று போட்டாலும், ஒரே குழாய்க்குள் ஓடும் இரண்டு கேபிள்கள், சுவரைத் துளைக்கும் இயந்திரம் அந்தக் குழாயில் பட்டால் சேர்ந்தே அறுந்துபோகும். ஆகவே கேபிளை விலை கேட்பதற்கு முன் கட்டடத்தின் தள வரைபடத்தை விரித்துப் பாதைகளை வரைந்துகொள்ளுங்கள்.

படி 1: வெளியிலிருந்து வரும் இரண்டு இணைப்புகளும் கட்டடத்தின் வெவ்வேறு பக்கங்களில் நுழைய வேண்டும். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டாலே போதும் என்று நினைக்க வேண்டாம். தெருவில் இருவரின் ஃபைபரும் (ஒளியிழைக் கேபிள்) ஒரே பள்ளத்தில் கிடக்கக்கூடும் என்பதால், பாதை விவரத்தை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். மாடிகளுக்கிடையே கேபிள் ஏறும் செங்குத்துப் பாதைகளும் இரண்டாக, விலகி இருக்கட்டும்.

படி 2: ஒவ்வொரு தளத்திலும் ஏ, பி என இரண்டு நெட்வொர்க் அறைகளை ஒதுக்கி, அவற்றுக்குத் தனித்தனி யுபிஎஸ் கொடுங்கள். பங்கு வர்த்தகம் நடக்கும் மேசை ஒவ்வொன்றுக்கும் இரு அறைகளிலிருந்தும் கேபிள் வர வேண்டும். மற்ற மேசைகளுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை: ஒரு மேசை ஏ அறைக்கு, அடுத்தது பி அறைக்கு என மாற்றி மாற்றி இணைத்தால், ஓர் அறை முழுதும் நின்றுபோனாலும் ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேர் வேலையைத் தொடரலாம். பேட்ச் பேனலிலிருந்து (அறையில் கேபிள்கள் வந்து முடியும் பலகை) மேசை வரையிலான நிலையான கேபிள் 90 மீட்டரைத் தாண்டக் கூடாது. வரைபடத்தில் நேர்கோடாக அளக்காமல், கேபிள் ட்ரே வளையும் வழியே, ஏற்ற இறக்கத்தையும் சேர்த்து அளக்க வேண்டும். மொத்த வரம்பான 100 மீட்டரில் மீதி 10 மீட்டர், இரு முனைகளிலும் கருவிகளைச் செருகும் குட்டிக் கேபிள்களான பேட்ச் கார்டுகளுக்கு.

படி 3: மேசைகளுக்கு கேட் 6ஏ என்ற வகை செப்புக் கேபிளைத் தேர்ந்தெடுங்கள். 10 ஜிகாபிட் வேகத்தை அது 100 மீட்டர் வரை தாங்கும். கேட் 6 நல்ல நிலையிலேயே 55 மீட்டர்தான். ஒவ்வொரு தள அறையிலிருந்தும் எல்லாத் தளங்களையும் இணைக்கும் இரண்டு மைய ஸ்விட்சுகளுக்கும் ஃபைபர் இழுத்து, ஒன்றை முதல் செங்குத்துப் பாதையிலும் மற்றதை இரண்டாவதிலும் அனுப்புங்கள்.

படி 4: பொருத்தும் வேலையில்தான் பல கோளாறுகள் பிறக்கின்றன. செப்புக் கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் கம்பி இணைகளின் முறுக்கை முனையில் 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் டைகளுக்குப் பதில் வெல்க்ரோ பட்டைகளைப் பயன்படுத்துங்கள், மின்கம்பிகளிலிருந்து விலகிச் செல்லுங்கள், சுவரில் போட்ட துளைகளைத் தீ பரவாத பூச்சால் அடையுங்கள்.

படி 5: கேபிளின் இரு முனைகளிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைக் கருவி இங்கே உதவாது. சிக்னல் இழப்பையும் இணைகளுக்கிடையே கசியும் இரைச்சலையும் அளந்து சான்றளிக்கும் கருவியால் ஒவ்வொரு கேபிளையும் சோதித்து, அறிக்கையைச் சேமித்துவையுங்கள். பிறகு சந்தை மூடியிருக்கும் ஒரு நாளில் ஏ அறையின் மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்துங்கள். நிற்கக் கூடாத மேசை ஏதேனும் நின்றால், அதன் கேபிள் எண்ணைப் பிடித்துத் தேடி, தவறான அறைக்குப் போன இணைப்பைத் திருத்திவிட்டு, அடுத்து பி அறையை நிறுத்திப் பாருங்கள்.